தயிர் கெட்டியாவது அடுப்பில், புளிப்பது மேடையில்

வீட்டுத் தயிரைப் பற்றிய புகார் எதுவானாலும் சுற்றி வளைத்து உறைமோரின் தலையில்தான் வந்து விழும். "உறை சரியில்லை", "உறை புளிச்சுப் போச்சு", "பக்கத்து வீட்டுல கொஞ்சம் வாங்கிப் பாக்கணும்." உறையும் சில நாள் காலை வாரும், மறுப்பதற்கில்லை. ஆனால் பெரும்பாலும் குற்றவாளி வேறு இடத்தில் இருக்கும். பால் அடுப்பில் எவ்வளவு நேரம் இருந்தது? உறை ஊற்றும்போது எவ்வளவு சூடு? உறைந்த பிறகு எத்தனை மணி நேரம் வெளியே கிடந்தது? முதல் கேள்வி தயிரின் கெட்டியைத் தீர்மானிக்கிறது, கடைசிக் கேள்வி புளிப்பை. நடுவில் உள்ளது தயிர் ஆகுமா ஆகாதா என்பதையே.

உறை ஊற்றுவது, பிரை குத்துவது, தோய்ப்பது என்று வீட்டுக்கு வீடு சொல் மாறினாலும் வேலை ஒன்றுதான். உறைமோரில் இருக்கும் பாக்டீரியா பாலின் லாக்டோஸ் என்ற சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலமாக மாற்றும். புதுப் பாலின் பி.எச். (அமிலத்தை அளக்கும் எண்; எண் குறையக் குறையப் புளிப்பு ஏறும்) 6.6 அல்லது 6.7. அது 4.6-ஐ நோக்கி இறங்க இறங்க, பாலில் மிதக்கும் கேசின் என்ற புரதம் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு வலையாகிவிடும். தண்ணீரும் கொழுப்பும் அந்த வலைக்குள் மாட்டிக்கொள்ளும். அந்த வலைதான் தயிர். வலை இறுக்கமாக இருந்தால் கெட்டித் தயிர், ஓட்டையாக இருந்தால் தட்டில் ஓடும் தயிர்.

முதலில் பால். பாக்கெட் பால் வாங்குகிறவர்கள் நிறத்தைப் பார்த்தே பாதி சொல்லிவிடலாம். ஆவின் நீலப் பாக்கெட் சமன்படுத்தப்பட்ட பால். கொழுப்பு 3 சதவீதம், கொழுப்பு நீங்கலான திடப்பொருள் 8.5 சதவீதம். பச்சை, நிலைப்படுத்தப்பட்ட பால்: 4.5, 8.5. ஆரஞ்சு, நிறைகொழுப்புப் பால்: 6, 9. அதாவது 100 கிராம் நீலப் பாலில் தண்ணீர் போக மிஞ்சுவது 11.5 கிராம், ஆரஞ்சில் 15 கிராம். வலை பின்ன நூல் எவ்வளவு இருக்கிறது என்பதே இந்தக் கணக்கு. கரண்டியால் வெட்டி எடுக்கிற மாதிரி வேண்டும் என்றால் ஆரஞ்சு. அன்றாடச் சாப்பாட்டுக்குப் பச்சை தாராளம். நீலத்திலும் நல்ல தயிர் வரும். அடுப்பில் கொஞ்சம் கூடுதலாக நின்றால் போதும். நிற்கப் பொறுமை இல்லாவிட்டால் ஒரு லிட்டருக்கு 20 கிராம் கொழுப்பு நீக்கிய பால் பவுடர், ஏறத்தாழ இரண்டு டேபிள் ஸ்பூன் குவியலாக, சேர்த்துக்கொள்ளலாம். பால் ஆறியிருக்கும்போதே அரை டம்ளர் பாலில் கட்டியில்லாமல் கரைத்து ஊற்றிப் பிறகு அடுப்பில் வைக்க வேண்டும். கொதிக்கிற பாலில் பவுடரைத் தூவினால் முத்து முத்தாகத் திரண்டு, தயிரிலும் அந்த முத்துகள் நாக்கில் தட்டும்.

எருமைப் பால் கிடைக்கிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள். கொழுப்பு 6, 7 சதவீதம் சர்வசாதாரணம், புரதமும் பசும்பாலைவிட அதிகம். இலங்கையில் மட்டக்களப்புப் பக்கம் மண்சட்டியில் வரும் எருமைத் தயிர், சட்டியைச் சாய்த்தாலும் அசையாமல் நிற்பதற்கு முதல் காரணம் பால். இரண்டாவது காரணம் சட்டி. சட்டியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். மாதக்கணக்கில் வெளியிலேயே கெடாமல் இருக்கும் டெட்ரா பாக்கெட் பாலில் தயிர் உறையும், ஆனால் மற்ற பாலில் வருகிற உறுதி வராது. மிக உயர்ந்த சூட்டில் சில நொடிகள் மட்டும் காய்ச்சிய பால் அது. அவசரத்துக்கு ஓகே.

இனி அடுப்பு. இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

"பாக்கெட் பால்தான் ஏற்கெனவே பதப்படுத்தினது, எதுக்குக் காய்ச்சணும்?" என்று ஒரு கேள்வி அடிக்கடி வரும். குடிப்பதற்கு என்றால் கேள்வி நியாயம். பதப்படுத்தும்போது பாலை 72 டிகிரி செல்சியஸில் 15 நொடி வைத்திருப்பார்கள். நோய்க்கிருமி சாவதற்கு அது போதும். தயிருக்குப் போதாது. பாலில் கேசின் தவிர இன்னொரு வகைப் புரதம் உண்டு. பாலாடைக்கட்டி (சீஸ்) செய்யும்போது தெளிநீரோடு வெளியே ஓடிவிடும் புரதம் அது. 85 டிகிரிக்கு மேல் சில நிமிடங்கள் இருந்தால் அதன் முறுக்கு அவிழ்ந்து கேசினோடு போய் ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டிக்கொண்ட பாலில் உறையும் வலைக்குத் தண்ணீரைப் பிடித்துவைக்கும் சக்தி அதிகம். தயிர்த் தொழிற்சாலைகள் பாலை 85 டிகிரியில் 30 நிமிடம், இல்லாவிட்டால் 90 முதல் 95 டிகிரியில் 5 முதல் 10 நிமிடம் நிறுத்திவைப்பது இதற்காகத்தான். நிறுத்திவைப்பது என்ற சொல்லைக் கவனியுங்கள். சூடு மட்டும் போதாது, அந்தச் சூட்டில் நேரமும் வேண்டும்.

வீட்டில் என்ன நடக்கிறது? பால் பொங்கி மேலே வருகிறது, பதறிப்போய் அடுப்பை அணைக்கிறோம். பொங்குவது கொதிப்பதற்கு அடையாளமே இல்லை. மேலே ஆடை கட்டி, அடியில் எழும்பும் ஆவி வெளியே போக வழியில்லாமல் ஆடையைத் தூக்கிக்கொண்டு வருவதுதான் பொங்கல். அடியில் கொதித்தாலும் நடுப்பால் இன்னும் பின்தங்கியிருக்கலாம். அந்த நொடியில் அணைத்தால் காப்பிக்குச் சரி; தயிர் இளசாகத்தான் வரும்.

ஆக, முறை இது. அடி கனமான பாத்திரம் எடுத்து, பால் ஊற்றுமுன் இரண்டு டேபிள் ஸ்பூன் தண்ணீர் விட்டுச் சுழற்றி, அந்த ஈரத்தோடேயே பாலை ஊற்றுங்கள். அடிப்பிடிப்பது வெகுவாகக் குறையும். நடுத்தர தீ. ஒரு முறை பொங்கி வந்ததும் சிம்மில் வைத்து, 8 முதல் 10 நிமிடம். தட்டையான கரண்டியால் நிமிடத்துக்கு ஒரு தடவை அடியைத் தொட்டுக் கிளறினால் போதும், பாயசத்துக்குக் கிளறுவது போல நிற்க வேண்டாம். ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழ் வந்துகொண்டே இருக்க வேண்டும். அந்த அளவே தீ. அகலமான பாத்திரமாக இருந்தால் இதற்குள் ஒரு லிட்டரில் 50 முதல் 100 மில்லி வரை ஆவியாகிப் போயிருக்கும், அதுவும் லாபம். நீலப் பாக்கெட் என்றால் 15 நிமிடம் வரை போகலாம். அதற்கு மேல் காய்ச்சினால் நிறம் மாறி, பால்கோவா வாசனை தயிரில் தங்கிவிடும். சிலருக்கு அது பிடிக்கும்.

அடிப்பிடித்துவிட்டதா? சுரண்டாதீர்கள். பாலை மட்டும் மெதுவாக வேறு பாத்திரத்துக்குச் சாய்த்துக்கொள்ளுங்கள். கரண்டியால் ஒரு தடவை அடியைக் கிளறிவிட்டால் தீய்ந்த வாசனை பால் முழுக்கப் பரவும். எந்த உறையாலும் அதை மறைக்க முடியாது.

மலை ஊர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். பருப்பு வேகத்தான் திண்டாட்டம். தயிருக்கு அந்தச் சூடே தாராளம். ஊட்டியில் தயிருக்குப் பிரச்சினை காய்ச்சுவதில் இல்லை, ராத்திரிக் குளிரில்.

காய்ச்சிய பாலை ஆறவைப்பதில் அவசரமும் ஆகாது, மறதியும் ஆகாது. ஒரு லிட்டர் பால் மூடாமல் இருந்தால், சென்னை மாதிரி ஊரில் உறை ஊற்றும் பதத்துக்கு வர முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். அகலத் தட்டில் பச்சைத் தண்ணீர் ஊற்றி அதில் பாத்திரத்தை வைத்துக் கிளறினால் கால் மணியில் வந்துவிடும். அடிக்கடி டம்ளரில் ஆற்றி நுரை தள்ளினால் இன்னும் வேகம், ஆனால் நுரை மேலே உறைந்து தயிரின் முகம் பொத்தல் பொத்தலாக இருக்கும். ருசிக்குக் குறைவில்லை, பார்வைக்குத்தான். ஆடை வேண்டாதவர்கள் ஆறும்போதே எடுத்துவிடலாம். வெண்ணெய் எடுக்கிற வீட்டில் இந்த ஆடையைத் தனிக் கிண்ணத்தில் சேர்த்து ஃப்ரிட்ஜில் வைத்து, வாரம் ஒரு தடவை உறை விட்டுக் கடைவார்கள்.

பதம் 40 முதல் 43 டிகிரி. தெர்மாமீட்டர் இருந்தால் சண்டையே இல்லை. இல்லாவிட்டால் சுண்டு விரல். கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு, ஒரு கரண்டி பாலை உள்ளங்கைக் குழியில் விட்டுப் பாருங்கள் என்பார்கள் சிலர். அது ஏமாற்றும், கரண்டியிலிருந்து கைக்கு வருவதற்குள்ளேயே சூடு இறங்கிவிடும். பாத்திரத்துக்குள்ளேயே விரலை முதல் கணு வரை விட்டுப் பத்து எண்ணுங்கள். ஐந்து எண்ணுவதற்குள் இழுத்துக்கொண்டால் இன்னும் 50-க்குப் பக்கம் இருக்கிறது. பத்து வரை எண்ணியும், "சூடுதான், ஆனா தாங்குது" என்று தோன்றினால் அதுதான் நேரம். சூடே தெரியவில்லை என்றால் 36-க்குக் கீழே போய்விட்டது. மறுபடி ஒரு நிமிடம் அடுப்பில் காட்டுங்கள். மேற்பரப்பு ஆறி அடி சூடாக இருப்பது வழக்கம், அதனால் விரல் வைக்குமுன் ஒரு கலக்குக் கலக்கிவிடுவது முக்கியம். இதைச் செய்யாமல்தான் பாதிப் பேர் ஏமாறுகிறார்கள்.

ஏன் இந்த எண்? தயிர் பாக்டீரியாவில் இரண்டு கூட்டம் உண்டு. யோகர்ட்டை உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸும் லாக்டோபேசில்லஸ் பல்காரிகஸும் 42, 43 டிகிரியில் துள்ளி வேலை செய்யும். பின்னதை 1905-இல் ஸ்டாமென் கிரிகோரோவ் என்ற பல்கேரிய மருத்துவர் தன் நாட்டுத் தயிரில் கண்டறிந்தார். பெயரில் பல்கேரியா ஒட்டிக்கொண்டது அதனால். நம் வீட்டு உறையில் இவற்றோடு லாக்டோகாக்கஸ் இனமும் கலந்திருக்கும். அதற்கு 25 முதல் 30 டிகிரி போதும். வெதுவெதுப்பான பாலில் ஊற்றி மேடையிலேயே விட்டாலும் நம்மூர்த் தயிர் உறைந்துவிடுவதற்கு இந்தக் கலப்புதான் காரணம். 50-ஐத் தாண்டினால் லாக்டோகாக்கஸ் பிழைக்காது, மற்றவை சுருண்டுவிடும். காலையில் மூடியைத் திறந்தால் பால் பாலாகவே இருப்பதும், மேலே தண்ணீர், அடியில் திப்பி திப்பியாக இருப்பதும் இதன் விளைவு.

உறை எவ்வளவு? ஒரு லிட்டருக்கு வெயில் காலத்தில் ஒரு டீஸ்பூன். மழை, பனிக் காலத்தில் ஒரு டேபிள் ஸ்பூன். அவ்வளவுதான். "சீக்கிரம் உறையட்டும்" என்று அரைக் கரண்டி ஊற்றுவதுதான் நல்ல தயிருக்குப் பெரிய எதிரி. உறை அதிகமானால் புளிப்பு வேகமாக ஏறும், வலை அவசரமாகப் பின்னப்பட்டுக் கரடுமுரடாகி, தண்ணீர் பிரியும். உறைத் தயிரைக் கட்டியாக அப்படியே போடாமல், இரண்டு ஸ்பூன் வெதுவெதுப்பான பால் விட்டுக் குழைத்து, கடைந்த மோர் பதத்தில் ஊற்றுங்கள். பிறகு கரண்டியால் அடிவரை நான்கைந்து சுற்று. இரண்டு பாத்திரத்துக்கு இடையே ஒரு தடவை மாற்றி ஊற்றினாலும் நன்றாகக் கலக்கும்.

இதற்குப் பிறகு கை வைக்காமல் இருப்பதுதான் வேலை. நடு உறைவில் பாத்திரத்தை நகர்த்துவது, கரண்டி விட்டுப் பார்ப்பது, மூடியைத் திறந்து திறந்து மூடுவது எல்லாம் வலையைக் கிழிக்கும். ஒரு தடவை கிழிந்த வலை மறுபடி ஒட்டாது, அந்த இடத்தில் தண்ணீர் ஊறும். எங்கே இருக்கப்போகிறதோ அங்கே வைத்துவிட்டே உறை ஊற்றுவது நல்லது.

சென்னை, மதுரை மே மாதத்தில் 4 முதல் 5 மணி நேரம். டிசம்பரில் 7, 8. இதனால்தான் ராத்திரி பத்து மணிக்கு உறை ஊற்றிக் காலை ஏழுக்குத் திறக்கும் வழக்கம் கார்த்திகை, மார்கழிக்குப் பொருந்தி, சித்திரையில் சொதப்புகிறது. வெயில் காலத்தில் ராத்திரி இரண்டு, மூன்று மணிக்கே உறைந்துவிட்ட தயிர் விடியும் வரை மேடையில் கிடந்து புளிக்கிறது. "நேத்து ஊத்தின அதே உறைதான், இன்னிக்கு எப்படிப் புளிச்சுது?" என்றால் பதில் கடிகாரத்தில் இருக்கிறது. கோடையில் மதியச் சாப்பாட்டுக்கான தயிரை முந்தின நாள் மாலை ஐந்து மணிக்கு ஊற்றி, படுக்கப் போகுமுன் ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிடுவது எளிது. காலை ஐந்துக்கு எழுகிறவர்கள் அப்போது ஊற்றினாலும் பத்து மணிக்குத் தயார்.

உறைந்ததா என்று எப்படிப் பார்ப்பது? மூடியைத் திறந்து பாத்திரத்தை ஒரு பக்கம் மெல்லச் சாயுங்கள். தயிர் ஓரத்திலிருந்து ஒரே துண்டாக விலகி, நடுவில் ஆடாமல், அந்த இடுக்கில் கண்ணாடி போலத் துளித் தண்ணீர் தெரிந்தால் ஆகிவிட்டது. அலை அடித்தால் இன்னும் அரை மணி. இந்தப் பதத்தில் அது இனிப்பும் புளிப்புமாக, கொஞ்சம் தளதளவென்றுதான் இருக்கும். அப்படியே ஃப்ரிட்ஜில் வையுங்கள். 4 டிகிரியில் அமிலம் ஏறுவது ஏறக்குறைய நின்றுவிடும், வலை மட்டும் இறுகும். மூன்று மணி நேரம் கழித்து எடுத்தால் கரண்டி பட்ட இடம் சுவர் போல நிற்கும். கெட்டியாகட்டும் என்று வெளியே வைத்திருந்தால் கிடைப்பது கெட்டி இல்லை, புளிப்பு.

குளிர் ஊர்களில், அல்லது வீட்டுக்குள் 20 டிகிரியைத் தாண்டாத இடங்களில், சூட்டைப் பிடித்துவைப்பதே முழு வேலை. அடுப்பு மேடையிலேயே செய்யக்கூடிய நல்ல வழி இட்லிப் பானை. அடியில் இரண்டு டம்ளர் தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்து, அணைத்து, தண்ணீர் கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் உள்ளே தயிர்ப் பாத்திரத்தை வைத்து மூடி, மேலே பழைய துண்டு ஒன்றைச் சுற்றிவிடுங்கள். நான்கு மணி நேரத்துக்கு அது தாங்கும். பிரஷர் குக்கரிலும் இதே மாதிரி செய்யலாம். ஹாட்பாக்ஸில் வெந்நீர் விட்டுக் கொட்டிவிட்டு, பாலை நேரடியாக அதிலேயே ஊற்றி உறைய வைக்கலாம். அரிசி டின்னுக்குள் பாத்திரத்தைப் புதைப்பதும் வேலை செய்யும், அரிசி நல்ல கம்பளி. இன்வெர்ட்டர் மேல் வைக்கிறவர்களும் உண்டு. ஒரு சொட்டு வழிந்தால் என்ன ஆகும் என்பதால் அதை நான் சொல்லமாட்டேன். வெளிநாட்டு வீடுகளில் ஓவன் அடுப்பை எரியவிடாமல் உள்விளக்கை மட்டும் போட்டு வைப்பார்கள். விளக்குக்கு விளக்கு சூடு மாறும், சிலது 45-ஐத் தாண்டும். முதல் தடவை ஒரு தெர்மாமீட்டரோடு தண்ணீர் வைத்துச் சோதித்துவிட்டால் பிறகு கவலை இல்லை.

பாத்திரம். மண்சட்டி தயிரில் உள்ள தண்ணீரைக் கொஞ்சம் உறிஞ்சி வெளிப்புறம் ஆவியாக்கும். தயிர் கெட்டிப்படும், குளுமையாகவும் இருக்கும், புளிப்பும் தாமதமாகும். அதே காரணத்தால் சட்டி சூட்டையும் சீக்கிரம் இழக்கும். எனவே மண்சட்டியில் ஊற்றும்போது பால் இரண்டு டிகிரி கூடுதலாக இருக்கலாம், சட்டியை வெந்நீரில் அலசிவிட்டு ஊற்றலாம். சோப்புப் போட்டு மட்டும் கழுவாதீர்கள், சட்டி குடித்த சோப்பு தயிரில் வரும். வெந்நீரும் தேங்காய் நாரும் போதும், பிறகு வெயிலில் காயட்டும். மாக்கல் சட்டி கனமாக இருப்பதால் சூட்டை நெடுநேரம் வைத்திருக்கும், பனிக்காலத்துக்கு அருமை. பீங்கான், கண்ணாடி, எவர்சில்வர் எல்லாம் சரி. அலுமினியம் வேண்டாம், ஈயம் பூசாத பித்தளை, செம்பு கூடவே கூடாது, அமிலம் உலோகத்தை அரித்து எடுக்கும்.

இப்போது கோளாறுகள். முக்கியமானவற்றை மட்டும் சொல்கிறேன்.

மேலே சொன்ன நேரம் தாண்டியும் உறையவில்லை. ஒரு துளி நக்கிப் பாருங்கள். லேசாகப் புளிக்கத் தொடங்கியிருந்தால் உறை உயிரோடுதான் இருக்கிறது, சூடு போதவில்லை. 45 டிகிரி வெந்நீர்த் தட்டில் பாத்திரத்தை ஒன்றிரண்டு மணி நேரம் வைத்தால் உறைந்துவிடும். கொஞ்சமும் புளிப்பு இல்லை, மணமும் கெடவில்லை என்றால் உறை செத்துவிட்டது என்று அர்த்தம். பாலை 42 டிகிரிக்குச் சூடாக்கிப் புது உறை ஊற்றுங்கள். மணம் மாறியிருந்தால் கொட்டிவிடுவதே மேல். எல்லாம் சரியாகச் செய்தும், நல்ல உறை விட்டும், ஒரே ஆளிடம் வாங்கும் கறவைப் பால் மட்டும் திடீரென்று உறைய மறுத்தால் மாட்டை விசாரியுங்கள். மடிநோய்க்கு ஆன்டிபயாட்டிக் ஊசி போட்ட மாட்டுப் பாலில் மருந்து சில நாள் வரும், அது தயிர் பாக்டீரியாவையும் விடாது. பால் திரியாமல் இருக்கச் சோடா கலந்திருந்தாலும் உறைவது இழுத்தடிக்கும்.

கொழகொழவென்று நூல் விடுகிற தயிர். கரண்டியைத் தூக்கினால் இழை இழையாக வரும். பாக்டீரியாவில் சில வகைகள் சர்க்கரையிலிருந்து பசை போன்ற ஒன்றைச் செய்கின்றன. பால் போதிய சூடில்லாமல் நெடுநேரம் எடுத்து உறையும்போது அவை ஓங்கிவிடும். பின்லாந்தில் வீலி என்று ஒரு தயிர், இப்படி இழுபடுவதற்காகவே விரும்பிச் சாப்பிடுகிறார்கள். நம்மூரில் அதைச் சாதத்தில் பிசைய யாருக்கும் மனசு வராது. மணம் சரியாக இருந்தால் கடைந்து மோராக்கிவிடலாம். அந்தத் தயிரிலிருந்து மட்டும் அடுத்த உறையை எடுக்காதீர்கள். பாத்திரம், கரண்டி, மூடி மூன்றுக்கும் கொதிநீர் விட்டு, வேறு உறை, 42 டிகிரி. ஒரே ஈட்டில் சரியாகும்.

தண்ணீர் பிரிவது. காரணம் நாலைந்து இருக்கலாம்: உறை அதிகம், சூடு அதிகம், காய்ச்சியது போதாது, நேரம் கடந்தது, அசைத்தது. ஒரு தடவை கரண்டி போட்டு எடுத்த பிறகு குழியில் தண்ணீர் ஊறுவது இயல்பு, அது குற்றமில்லை. அந்தத் தண்ணீரைக் கொட்டாமல் சப்பாத்தி மாவு பிசையுங்கள்.

தயிரில் குமிழ் குமிழாக ஓட்டை, ஈஸ்ட் வாசனை, ரோஸ், ஆரஞ்சு, பச்சைப் புள்ளி: வேறு கிருமி புகுந்திருக்கிறது. மேலே மட்டும் வழித்தெடுத்துவிட்டுச் சாப்பிடுகிற வேலையே வேண்டாம். முழுதும் கொட்டுங்கள்.

வெறும் புளிப்புக் கெடுதல் இல்லை. மோர்க்குழம்பு, ரவா தோசை, மோர்க்களி, மோர் மிளகாய் எல்லாம் புளித்த தயிருக்காகக் காத்திருப்பவை. அதற்கும் மிஞ்சினால் தண்ணீர் கலந்து கறிவேப்பிலைச் செடிக்கு.

உறையைக் காப்பாற்றுவது தனிக் கலை. எல்லாரும் கரண்டி விட்ட பிறகு அடியில் மிஞ்சும் தயிரை உறைக்கு வைக்கிறோம். அதில் சாதப் பருக்கையும் ஊறுகாய் எண்ணெயும் சேர்ந்திருக்கும், புளிப்பும் ஏறியிருக்கும். புளித்துப் பழசான உறையில் புளிப்பைத் தாங்கும் இனமே மிஞ்சியிருப்பதால், அடுத்த தயிரும் சீக்கிரமே புளிக்கும். புதுத் தயிரைத் திறந்ததும் முதல் வேலையாக நடுவிலிருந்து இரண்டு ஸ்பூனைச் சின்ன மூடி டப்பாவில் எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். மூன்று நான்கு நாளுக்குள் பயன்படுத்தினால் பலம் குறையாது. ஊருக்குப் போகிறவர்கள் ஐஸ் ட்ரேயில் ஊற்றி உறைய வைக்கலாம். ஒரு மாதம் வரை ஒரு கட்டி ஒரு லிட்டருக்குப் போதும். முதல் ஈடு கொஞ்சம் சோம்பலாக உறையும், இரண்டாவதில் பழைய வேகம் வரும். விளக்கு வைத்த பிறகு தயிரும் உறைமோரும் கொடுக்கமாட்டார்கள் பல வீடுகளில். ராத்திரி பத்து மணிக்கு உறை தீர்ந்தது தெரிந்தால் அந்த ஐஸ் கட்டி கைகொடுக்கும்.

உறையே கிடைக்காத இடத்தில் மிளகாய்க் காம்பு. கதை இல்லை, உண்மையிலேயே வேலை செய்யும். காம்பிலும் அதன் பச்சைத் தொப்பியிலும் லாக்டிக் பாக்டீரியா ஒட்டியிருக்கும். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான பாலில் ஐந்தாறு காம்புகளை, மிளகாய் உடையாமல் கிள்ளி, மூழ்கும்படி போட்டு 10, 12 மணி நேரம் சூடான இடத்தில் மூடி வையுங்கள். இளசாக, கொஞ்சம் பிசுபிசுப்பாக ஒன்று உறையும். அதைச் சாப்பிடாதீர்கள், காம்பில் வேறு என்னென்ன இருந்ததோ. அதிலிருந்து ஒரு ஸ்பூன் எடுத்து இன்னொரு டம்ளர் பாலுக்கு ஊற்றினால் இரண்டாம் ஈடு உருப்படியாக வரும், மூன்றாவது வீட்டுத் தயிராகிவிடும். எலுமிச்சையும் புளியும் அப்படியில்லை. அவை பாலைத் திரிக்கும், அவ்வளவுதான்; பாக்டீரியாவை வளர்க்காது. வெள்ளிக் காசு போடும் பழக்கத்துக்கும் உறைவதற்கும் சம்பந்தமில்லை. கடைத் தயிர் நல்ல உறை, ஆனால் உறைந்த பிறகு மறுபடி சூடாக்கிப் பதப்படுத்தியதாக இருக்கக் கூடாது. பாக்கெட்டின் பின்புறம் படித்துவிட்டு வாங்குங்கள்.

கடைசியாக, இந்தக் கணக்கு முழுவதையும் டப்பாவுக்குள் நடத்தும் வித்தை: பயணத் தயிர்சாதம். தயிரை ஊற்றிப் பிசைந்து காலையில் கட்டினால் மதியம் புளித்து இறுகிவிடும். ஒரு கப் குழைந்த சூடான சாதத்தை மசித்து, ஒன்றரை கப் காய்ச்சிய பால் விட்டு, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் ஒரு டேபிள் ஸ்பூன் புளிக்காத தயிர், உப்பு, தாளிப்பு சேர்த்துக் கலந்துவிடுங்கள். கட்டும்போது பாயசம் மாதிரி தளர்வாக இருக்க வேண்டும், பயப்பட வேண்டாம். பைக்குள் நான்கைந்து மணி நேரத்தில் பால் சாதத்தோடேயே உறையும். அப்போதே சாப்பிட்டுவிட வேண்டும், மாலை வரை வைத்திருக்கும் சாதம் இல்லை இது. ஊறுகாயைத் தனி டப்பாவில் கொடுங்கள். சாதத்தின் மேல் வைத்தால் அந்த இடத்தில் மட்டும் பால் முன்கூட்டியே திரிந்து, டப்பாவைத் திறக்கும்போது ஊறுகாயைச் சுற்றி ஒரு குளம் நிற்கும்.